நிலமற்ற திணை: ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் ஆரம்ப ஆண்டுகளை முன்வைத்து

1

2020 ஜனவரி 19. கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் ஐ-லீக் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்களின் கேலரியில் ஒரு பிரம்மாண்டமான பதாகை விரிகிறது. அதிலிருந்த வங்காள வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: இரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து வாங்கியதல்ல. குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறி ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. யார் இந்த நாட்டுக்காரன், அதற்கு அவனிடம் என்ன அத்தாட்சி என்ற கேள்வி தெருவுக்கு வந்திருந்த நேரம். அன்று ஈஸ்ட் பெங்கால் 2-1 கணக்கில் தோற்றது. தோற்ற அணியின் பதாகைதான் மறுநாள் பேசப்பட்டது.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பதாகையின் படத்தைத்தான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் தொந்தரவு செய்கிறது. ஒரு கால்பந்துக் கிளப்பின் பெயருக்குள் ஒரு நிலம் எப்படி வந்து உட்கார்ந்தது? அந்தப் பெயரில் ஒரு நிலம் வரைபடத்திலேயே இல்லாமல் போன பிறகும் பெயர் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது?

இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன்யா, கோட்பாட்டுப் பத்திரிகையில பந்து விளையாட்டப் பத்தி எழுதப் போறியா? வேற ஒண்ணும் கெடைக்கலியா?" விளையாட்டு என்பது சனங்களை மழுங்கடிக்கும் கேளிக்கை என்ற பழைய வாய்ப்பாடு அவருடையது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட்டை வைத்து 'பியாண்ட் எ பவுண்டரி' எழுதினார். அவரும் மார்க்சியர்தான். டிரினிடாடில் எந்த நிறத்துக்காரன் எந்தக் கிளப்பில் ஆடலாம் என்பதிலிருந்தே அவர் காலனியச் சமூகத்தின் மொத்த அடுக்கையும் வாசித்துக் காட்டினார். ஆட்டக்களத்தைப் பிரதியாக வாசிக்கலாமா என்ற கேள்விக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. நாம்தான் படிக்கவில்லை.

என் அக்கறை இன்னும் குறிப்பானது. தமிழ் விமர்சனத்தில் 'வட்டாரம்' என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகத்தான் புழங்கி வருகிறோம். ஒன்று மண்வாசனைப் பேச்சு. கரிசல், கொங்கு, நாஞ்சில் என்று நிலத்தைப் பிரித்து, மண்தான் மனிதனைச் செய்கிறது, அந்த மண்ணில் பிறந்தவன்தான் அதை எழுத முடியும் என்பது. இன்னொன்று தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகள் உரக்கப் பேசிய 'கற்பித'ப் பேச்சு. பெனடிக்ட் ஆண்டர்சனைப் படித்துவிட்டு, தேசம் ஒரு கற்பிதம், வட்டாரம் ஒரு கற்பிதம், அடையாளம் எல்லாமே கற்பிதம் என்று சொல்லி, சொன்னதோடு வேலை முடிந்துவிட்டதாக எழுந்து போனோம். முதலாவது, நிலத்தை இயற்கை என்று நம்புகிறது. இரண்டாவது, நிலமே இல்லை என்கிறது. இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: ஒரு வட்டாரம் என்றைக்கு, யாரால், எந்தத் தகராறில் பிறக்கிறது? ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முதல் ஐந்தாறு வருஷங்களில் இதற்கு நல்ல சாட்சியம் இருக்கிறது.

2

1920 ஜூலை 28. கல்கத்தாவில் கூச் பிஹார் கோப்பைக்கான ஆட்டம். ஜோராபகான் கிளப்பும் மோகன் பகானும் மோதுகின்றன. ஜோராபகான் அணியில் ஷைலேஷ் போஸ் என்ற தடுப்பாட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கிளப்பின் துணைத் தலைவர்களில் ஒருவரான சுரேஷ் சந்திர சௌத்ரி, அவரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார். நிர்வாகம் மசியவில்லை. சௌத்ரி வெளியேறுகிறார். ஷைலேஷ் போஸ், சந்தோஷ் சமஸ்தானத்து ராஜா மன்மத நாத் சௌத்ரி, ரமேஷ் சந்திர சென், அரவிந்த கோஷ் (புதுச்சேரிக்கு வந்த அரவிந்தர் அல்ல, வேறொருவர்) ஆகியோர் உடன் வருகிறார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி புதுக் கிளப் உருவாகிறது. தொடங்கியவர்கள் பூர்வீகத்தில் கிழக்கு வங்காளத்துக்காரர்கள். அதனால் பெயர் ஈஸ்ட் பெங்கால்.

நாலே நாள். ஓர் ஆட்டக்காரனை உட்கார வைத்ததற்கும் ஒரு நிலத்தின் பெயர் ஜெர்சியில் ஏறியதற்கும் நடுவே நாலு நாள்தான் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, 'ஆக, வட்டார உணர்வு என்பதெல்லாம் நாலு பெரிய மனிதர்களின் ரோஷம்தான்' என்று முடித்துவிடலாம். அவசரப்படக் கூடாது. ரோஷத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

கிழக்கு வங்காளத்தானைக் கல்கத்தாக்காரன் 'பாங்கால்' என்று கூப்பிட்டான். அது வெறும் ஊர்ப்பெயர் இல்லை. பட்டிக்காட்டான், பேசத் தெரியாதவன், நாகரிகம் புரியாதவன் என்று அத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பதிலுக்கு மேற்கு வங்காளத்தானை இவர்கள் 'கோட்டி' என்றார்கள். பாங்காலின் உச்சரிப்பு நகரத்துக்குக் கேலிப்பொருள். நமக்கு இது புதிதில்லை. வட்டார வழக்கு பேசுகிறவனைக் காமெடியனாக்கிச் சிரித்த சினிமா நம்மிடமும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட்டை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்தது. ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு ஆடிய அந்தப் பதினொருவரில், கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி உட்படப் பலருக்குக் கிழக்கு வங்காளம்தான் பூர்வீகம். அன்றைக்கு அவர்களை யாரும் பாங்கால் என்று பிரித்துப் பார்க்கவில்லை. எதிரே வெள்ளைக்காரன் நின்றபோது கோடு வேறிடத்தில் விழுந்தது. ஒன்பது வருஷம் கழித்து, எதிரே இன்னொரு வங்காளி நின்றபோது கோடு இடம் மாறியது. நிலம் அப்படியேதான் இருந்தது.

'கிழக்கு வங்காளம்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1905இல் கர்சன் வங்காளத்தை வெட்டி உண்டாக்கிய மாகாணத்தின் பெயர் 'கிழக்கு வங்காளமும் அஸ்ஸாமும்'. அந்தப் பிரிவினைக்கு எதிராகத்தான் சுதேசி இயக்கம் எழுந்தது. 1911 டிசம்பரில் பிரிவினை ரத்தானது. 1912இல் அந்த மாகாணம் மறைந்தது. வங்காள தேசியம் போராடிக் கிழித்துப் போட்ட பெயர் அது. அதே பெயரை எட்டு வருஷத்தில் வங்காளிகளே எடுத்து மார்பில் போட்டுக்கொண்டார்கள். ஏகாதிபத்தியம் நிர்வாகத்துக்காகக் கிழித்த கோடு, கல்கத்தா நகரத்துக்குள் ஒரு மனக்கோடாக மிச்சமிருந்தது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

3

கிளப் தொடங்கிய மாதமே ஹெர்குலிஸ் கோப்பையில் ஆடி வென்றது. 1921இல் கல்கத்தா லீகின் இரண்டாவது டிவிஷனில் இடம் கிடைத்தது. தலைவராக இருந்தவர் சாரதா ரஞ்சன் ராய். சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோரின் அண்ணன், வங்காளத்தில் கிரிக்கெட்டை வளர்த்தவர், மைமன்சிங்காரர். சிவப்பும் தங்கநிறமும் கலந்த ஜெர்சியைச் சௌரங்கியிலிருந்த வொயிட்அவே லெய்ட்லா கடையில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கினார்கள் என்பது கிளப்பின் கர்ணபரம்பரைக் கதை. நிலத்தின் வண்ணம் வெள்ளைக்காரன் கடையில் தொங்கியது!

லீகின் கட்டமைப்பைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல முடியாது. கல்கத்தா லீக் 1898இல் ஆரம்பித்தது. ராணுவ அணிகளும் வெள்ளையர் கிளப்புகளும்தான் ஆடின. 1914இல்தான் மோகன் பகானும் ஆரியனும் இரண்டாவது டிவிஷனில் சேர்க்கப்பட்டன. அவை மேலே ஏறிய பிறகும் ஒரு விதி நின்றது: முதல் டிவிஷனில் இரண்டு இந்திய கிளப்புகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது, ஜெயிக்கலாம், ஆனால் ரெண்டு பேருக்கு மேல் ஜெயிக்கக் கூடாது.

1924இல் ஈஸ்ட் பெங்கால் இரண்டாவது டிவிஷனில் கேமரன்ஸ் என்ற ராணுவ அணியின் 'பி' குழுவோடு சேர்ந்து முதலிடத்தில் முடிந்தது. கேமரன்ஸின் 'ஏ' குழு ஏற்கெனவே மேலே ஆடிக்கொண்டிருந்ததால் 'பி' குழு மேலே போக முடியாது. போக வேண்டியது ஈஸ்ட் பெங்கால். ஆனால் இரண்டு இந்திய இடங்களும் நிரம்பியிருந்தன. விதியை எடுப்பதா வேண்டாமா என்று ஐ.எஃப்.ஏ.வில் விவாதம். கிளப்பின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி இது: பிரிட்டிஷ் கிளப்புகள் ஒன்பதும் ஈஸ்ட் பெங்காலை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தன, எதிர்த்தவை மோகன் பகானும் ஆரியனும். கடைசியில் விதி போனது. 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனுக்கு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். காலனியம் ஒரு வாசலை வைக்கிறது. அந்த வாசலில் இரண்டு இருக்கைகளை மட்டும் போடுகிறது. முதலில் உள்ளே போய் உட்கார்ந்தவர்கள், தங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்துகிறார்கள். 1911இல் சாம்ராஜ்யத்தைத் தோற்கடித்த கிளப், 1924இல் சாம்ராஜ்யத்தின் ஒதுக்கீட்டு விதிக்குக் காவல் நிற்கிறது. மோகன் பகான்காரர்களைத் திட்டுவதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஈஸ்ட் பெங்கால் இருந்திருந்தால் அதுவும் இதையேதான் செய்திருக்கும். இருக்கைகளின் எண்ணிக்கையை முடிவு செய்கிறவன்தான் உள்ளே இருப்பவனின் நியாயத்தையும் முடிவு செய்கிறான். தேசியம் என்ற பெருங்கதையாடலுக்குள் இந்தச் சின்னக் கணக்கு எங்குமே பதிவாவதில்லை. லீக் அட்டவணையில் பதிவாகியிருக்கிறது.

1925 மே 28. லீகில் இரண்டு கிளப்புகளும் முதன்முறையாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. கதவைச் சாத்தப் பார்த்தவனின் வீட்டுக்குள்ளேயே புகுந்து அடித்த கோல் அது. இன்றைக்கு நூறு வருஷம் ஆகியும் 'டெர்பி' என்று ஊரே அல்லோலகல்லோலப்படும் பகைக்கு மூலம் ஆற்றின் அந்தக் கரையா இந்தக் கரையா என்பதில் இல்லை. யாரை உள்ளே விடுவது என்ற நிர்வாகக் கூட்டத்தில் இருக்கிறது.

பிறகு 1928இல் கீழே இறங்கினார்கள். 1930இல், சட்டமறுப்பு இயக்கத்தின் கொந்தளிப்பில் லீக் பாதியில் நின்றது. இரண்டாவது டிவிஷனில் மேலே ஏறும் நிலையில் இருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு இடம் மறுக்கப்பட்டதாம். ஆதரவாளர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்களாம். அந்தப் பந்தம்தான் கிளப்பின் சின்னமாக நிலைத்தது. முதல் டிவிஷனுக்குத் திரும்பியது 1932இல். முதல் லீக் பட்டம் வர 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முதல் இருபது வருஷத்துக் கதையில் வெற்றிகளைவிட விண்ணப்பங்களும் மறுப்புகளும்தான் அதிகம். கிழக்கு வங்காளம் என்ற உணர்வு கேலரியில் திரண்டது இந்த மறுப்புகளால்தான்.

4

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்க்கேள்வியைக் கேட்காமல் போனால் அது விமர்சனமாகாது. எந்தக் கிழக்கு வங்காளம்? யாருடையது?

தொடங்கியவர்களில் ஜமீன்தார்கள் இருந்தார்கள். ராஜா மன்மத நாத் சௌத்ரியின் ஊரான சந்தோஷ் இப்போது வங்கதேசத்தின் டாங்காயில் பகுதியில் இருக்கிறது. இந்திய மாநிலங்களுக்கிடையே ஆடப்படும் சந்தோஷ் டிராபி அவருடைய ஊரின் பெயர்தான். நாம் அது ஏதோ மகிழ்ச்சிக் கோப்பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிழக்கு வங்காளத்தில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலோர் உழுகுடிகள். உயர்சாதி இந்துக்களின் ஜமீன்களுக்கு வாரம் அளந்தவர்கள். அந்தக் குடியானவனின் கிழக்கு வங்காளமும் இந்தக் கிளப்பின் கிழக்கு வங்காளமும் ஒன்றல்ல. 1934இல் மொஹமதன் ஸ்போர்டிங் கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய கிளப் ஆனது; 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து வென்றது. கல்கத்தா முஸ்லிம்களின் ஆரவாரம் அந்தப் பக்கம்தான் போனது. கிழக்கு என்ற திசைக்குள்ளேயே வேறு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

சாதிக்கோடும் உண்டு. பிரிவினைக்குப் பின் வந்த எல்லாரையும் 'கிழக்கு வங்காள அகதி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். படித்த, உயர்சாதி அகதிகள் கல்கத்தாவின் தெற்கு ஓரத்தில், ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம், ஆக்கிரமிப்பாகவாவது காலனிகளை உண்டாக்கிக்கொண்டார்கள். நாமசூத்திரர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதி அகதிகளில் பெருந்தொகையானவர்கள் தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து திரும்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி தீவில் குடியேறியவர்களை 1979இல் இடது முன்னணி அரசு எப்படிக் காலி செய்தது என்பது உலகறிந்தது. இரத்தம் கொடுத்து வாங்கிய மண் என்று பதாகை சொல்லும்போது, யார் இரத்தம், யாருக்குக் கிடைத்த மண் என்ற கேள்வி அந்தத் துணியின் பின்பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, ஒதுக்கப்பட்டதில் பிறந்த பெயரும் ஒதுக்கும். பாதிக்கப்பட்ட வட்டாரம் என்பதால் அது பரிசுத்தமாகிவிடாது.

5

1947இல் நிலம் போனது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் ஒரு பகுதி ஆனது, பிறகு கிழக்கு பாகிஸ்தான் என்று பெயர் மாறியது, 1971இல் வங்கதேசம். 'கிழக்கு வங்காளம்' என்ற பெயர் வரைபடத்தில் எங்கும் இல்லை. கல்கத்தா மைதானில் ஒரு கூடாரத்தின் வாசலில் மட்டும் இருந்தது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வராமல் போகாது. தொல்காப்பியம் நிலம் பகுக்கும்போது முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நான்கைத்தான் சொல்கிறது. பாலைக்கு நிலமில்லை. பொழுது உண்டு, உரிப்பொருள் உண்டு, உரிப்பொருள் பிரிவு. பிறகு வந்த இளங்கோ, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெடும்போது கொள்ளும் வடிவமே பாலை என்று விளக்கம் சொன்னார். எம்.ஏ. வகுப்பில் இதை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிலமே இல்லாத ஒன்று எப்படித் திணையாகும்? ஈஸ்ட் பெங்காலைப் படிக்கும்போதுதான் புரிந்தது. நிலம் கெட்ட பிறகு மிஞ்சுகிற பிரிவுதான் இந்தக் கிளப்பின் உரிப்பொருள். கருப்பொருள்கூட மிஞ்சியிருக்கிறது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பது கல்கத்தா வழக்கு. பத்மா நதி எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. அதன் மீன் தட்டில் இருக்கிறது.

அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலைச் சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழில் படித்தவர்களுக்கு அந்த நிலம் பரிச்சயம். ரித்விக் கட்டக்கின் 'கோமல் காந்தார்' (1961) படத்தில் ரயில் தண்டவாளம் பத்மாவின் கரையில் முட்டி நின்றுவிடும். அதற்கப்பால் வேறு நாடு. இலக்கியமும் சினிமாவும் இழப்பைச் சொல்லின. இழந்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை ஒன்றாக நின்று கத்த ஓர் இடம் கொடுத்தது கேலரி. கேலி செய்யப்பட்ட பாங்கால் பேச்சு அங்கே ஆரவாரமாகியது. டாக்கா மண்ணிலிருந்து வந்த பானு பந்த்யோபாத்யாய் அதே பேச்சை வங்காள சினிமாவில் பேசி ஊரையே சிரிக்கவைத்தார். சிரிப்பு இப்போது பேசியவன் கையில் இருந்தது. அவரும் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்.

பதினொரு பேர் ஆடும்போதுதான் கற்பனைச் சமூகம் நிஜமாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்ற பொருள்பட எரிக் ஹாப்ஸ்பாம் சொல்லியிருக்கிறார். நம் 'கற்பித'ப் பேச்சு தவறவிட்டது இதைத்தான். கற்பிதம் என்றால் பொய் என்று அர்த்தம் இல்லை. வீடிழந்தவனுக்குக் கற்பிதமும் ஒரு கூரை.

6

அந்தப் பதினொரு பேர் யார் என்று பார்த்தால்தான் என் வாதம் முழுமையடைகிறது.

கிளப்பின் பொற்காலம் 1949 முதல் 1953 வரை என்பார்கள். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. 1949, 1950, 1952இல் லீக். 1951, 1952இல் டுராண்ட் கோப்பை. அந்த அணியின் முன்கள ஐவருக்குப் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அஹமத் கான், சாலே. பெயர்களைப் படித்தாலே தெரியும். ஒருத்தர்கூட வங்காளி இல்லை. சாலே கோட்டயத்துக்காரர். அஹமத் கான் பெங்களூர். அப்பா ராவ் ஆந்திரத்தவர். வெங்கடேஷும் தன்ராஜும்கூடத் தெற்கிலிருந்து போனவர்களே. செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹாவின் காலத்தில் திரட்டப்பட்ட அணி இது. அஹமத் கானும் தன்ராஜும் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர்கள். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அஹமத் கான், சாலே, வெங்கடேஷ் மூவரும் இருந்தார்கள்.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1950இல் கிழக்கு பாகிஸ்தான் கலவரங்களிலிருந்து தப்பி அகதிகள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்த வருஷம் அது. மத அடையாளத்தால் ஊரை இழந்த இந்து அகதிகளும் நின்ற கேலரி, சாலேயின் பெயரையும் அஹமத் கானின் பெயரையும் தொண்டை கிழியக் கூப்பிட்டது. பத்மாவைக் கண்ணால் பார்த்திராத கால்கள், பத்மாக் கரைக்காரர்களின் மானத்தைக் காப்பாற்றின. ஐவருக்கும் மகாபாரதப் பெயர் சூட்டி வீட்டுப் பிள்ளைகளாக்கிக்கொண்டார்கள். இந்துப் புராணத்துக்குள் அடக்கி உள்ளிழுக்கும் தந்திரம் இது என்று ஒருவர் வாசிக்கலாம். அந்த வாசிப்பிலும் உண்மை உண்டு. ஆனால் அடக்கத்தான் செய்தார்கள் என்றால், அதுவரை 'நம்மாள்' யார் என்பதற்கு இருந்த பிறப்பு நிபந்தனை அங்கே செத்துப்போனது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று இலக்கணம் இடம் கொடுக்கிறது.  மயங்காதது உரிப்பொருள். ஈஸ்ட் பெங்காலின் உரிப்பொருள் வெளியே நிறுத்தப்பட்டதன் வலி. அதை யார் காலால் வேண்டுமானாலும் ஆடிக்காட்டலாம். மண்வாசனைக்காரர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? அந்த மண்ணில் பிறந்தவன்தான் அதை எழுத முடியும் என்பது உண்மையானால், அஹமத் கான் கோல் அடித்திருக்கவே கூடாது.

7

கடைசியாக, இது ஏன் என்னைத் தொந்தரவு செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கே பிறந்து வளர்ந்த என் அப்பாவுக்கு ஊரில் பெயர் 'சிலோன்காரன்'. இலங்கையில் எங்களவர்களை 'இந்தியத் தமிழன்' என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன். பதாகையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அவர்கள் இரத்தம் கொடுத்தோம், காகிதம் கொடுக்கவில்லை என்கிறார்கள். எங்களிடம் காகிதம் மட்டும்தான் இருந்தது. குடும்ப அட்டையும் பாஸ்போர்ட்டும் தகரப் பெட்டியில் நாப்தலீன் உருண்டையோடு கிடந்தன. மண் இல்லை. காகிதம் இருந்தும், சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில் "நீங்கள்லாம் எந்த ஊருன்னு நாங்க எழுதறது?" என்று என் அப்பாவைக் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

அந்த வயதில்தான் தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு ஃபுட்பால் டீம் வைத்தோம். என்ன பேர் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒருத்தன், "சிலோன்னே வெச்சிருவோம்டா, எல்லாரும் அப்பிடித்தான கூப்புடுறானுங்க" என்றான். பசங்களுக்கும் பிடித்திருந்தது. லயத்தில் இருந்த பெரியவர் ஒருவர் காதில் விழுந்துவிட்டது. "அந்தப் பேரு வேணாம் தம்பி. அத மறக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தோம்" என்றார். ஒரு நடிகர் பெயரை வைத்துக்கொண்டோம். ரெண்டு வருஷத்தில் டீம் கலைந்துபோனது.

அந்தப் பெரியவர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. வசவைச் சட்டையாகப் போட்டுக்கொள்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. 1920இல் சுரேஷ் சௌத்ரிக்கு அது இருந்தது. பணம் இருந்தது, ராஜாக்கள் நண்பர்களாக இருந்தார்கள், லீகில் விண்ணப்பம் போட ஆள் இருந்தது. லயத்துக்காரருக்கு எதுவும் இல்லை. வட்டார அடையாளத்தின் அரசியலைப் பேசும்போது நாம் விட்டுவிடுகிற கணக்கு இது. எல்லா ஒதுக்கப்பட்டவர்களுக்கும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளும் சக்தி சமமாக வாய்ப்பதில்லை. மரிச்ஜாப்பிக்காரர்களுக்குக் கிளப் இல்லை.

ஆனாலும் ஒன்று. இன்றைக்கு ஆளாளுக்கு மண்ணின் மைந்தன் பட்டம் கட்டிக்கொண்டு, வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வருகிறவனைப் பார்த்து நம்மூரிலும் 'நீ எந்த ஊரு' என்று கேட்கிற குரல் தடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. பன்னிரண்டு வயதில் கேட்டது. அவர்களுக்கு நான் காட்ட விரும்புவது 1925 மே 28 லீக் ஆட்டத்தையும், அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து அதே சட்டையில் ஆடிய ஐந்து தெற்கத்தியர்களையும். ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு கிளப், அந்தப் பெயரை எழுதிக்கொண்டது கதவைத் தட்டுவதற்காக. தட்டித் திறந்த கதவை 1949இல் அது தன் முன்களத்துக்கு அகலத் திறந்து வைத்தபோதுதான் ஜெயித்தது.

டீமுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று இப்போது யாராவது பசங்கள் என்னைக் கேட்டால், என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. யாரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன்.